ஹுத்தான் மெலிந்தாங் சாலைக்கு எந்தக் கார்?

கார் வாங்க எண்ணியிருப்பவரை எல்லாரும் நேராகக் கடைக்குத்தான் அழைத்துப் போவார்கள். விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் வண்டியைப் பார்த்துவிட்டால் பாதி மனம் அங்கேயே விலை போய்விடும். ஆகவே, நாம் முதலில் சாலையைப் பார்த்துவிட்டு வருவோம். கீழ்ப் பேராக்கில் தெலுக் இந்தானிலிருந்து ஹுத்தான் மெலிந்தாங் வரை என்னுடன் வாருங்கள். உங்கள் தோட்டம் சுங்கை சிப்புட்டில் இருந்தாலும் சரி, கோல சிலாங்கூரில் இருந்தாலும் சரி, இந்தச் சாலையில் நாம் பார்க்கப் போவது உங்களுக்கும் பயன்படும்.

தெலுக் இந்தானை உங்களில் மூத்தவர்கள் இன்னும் தெலுக் ஆன்சன் என்றே சொல்லுவீர்கள். 1982-இல்தான் பெயர் மாறியது. 1885-இல் கட்டப்பட்டுப் பின்னர் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன மணிக்கூண்டுக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு ஊரை விட்டு வெளியே வந்தால், ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை நம்மைத் தெற்கே இட்டுச் செல்லும். இங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை. கடற்கரையை நெருங்க நெருங்கத் தென்னையும் சேர்ந்துகொள்ளும். சாலைக்குப் பக்கத்திலேயே துணைக்கு வருவதுபோல் கான் ஓடுகிறது. கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் இந்தப் பூமியில் கான் வெட்டி நீரை வடித்தால்தான் பயிர். காலங்காலமாகக் கான் வெட்டிய கைகள் யாருடையவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வழியிலேதான் ஜெண்டராத்தா தோட்டம். டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் ரப்பருக்காகத் தொடங்கியது. பின்னாளில் செம்பனைக்கு மாறியது. தோட்டத்துக்குள் பழக்குலைகளை ஏற்றிச் செல்லச் சின்ன இரயில் பாதை உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அதைப் பார்த்து ரசிப்பார்கள். ஹுத்தான் என்றால் மலாயில் காடு, மெலிந்தாங் என்றால் குறுக்கே கிடப்பது. குறுக்கே கிடந்த அந்தக் காடு எங்கே போயிற்று என்று இப்போது தேடத்தான் வேண்டும். 2017 ஜனவரி 9 முதல் இவ்வூர் புதிதாகப் பிரிந்த பாகான் டத்தோ மாவட்டத்தைச் சேர்ந்தது. பெர்ணம் ஆற்றங்கரையில் மீன்பிடிப் படகுகள் நிற்கும். பாலத்தைத் தாண்டினால் சிலாங்கூர், சபாக் பெர்ணம்.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட தோட்டங்களில் கார் என்றால் துரையுடையது; அடுத்தபடியாகப் பெரிய கிராணியின் பழைய மோரிஸ் மைனர். லயத்துக்குச் சைக்கிள், பிறகு ஹோண்டா மோட்டார் சைக்கிள். எழுபதுகளில் டட்சன் 120ஒய் ஒன்று லயத்து வாசலில் வந்து நின்றால், யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்பார்கள். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் பெரோடுவாவின் கஞ்சில் வந்தது. 660 சிசி என்ஜின் கொண்ட அந்தக் குட்டி வண்டிதான் உண்மையில் நம் குடும்பங்களைக் காரில் ஏற்றியது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் மழையில் நனையாமல் டவுனுக்குப் போய் வரலாம் என்பதே அன்றைக்குப் பெரிய காரியம்.

இன்று கார் ஆடம்பரம் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கு வேலை ஓர் இடம், பிள்ளை படிக்கும் பள்ளி ஓர் இடம், மருத்துவமனை ஓர் இடம். பஸ்ஸை நம்பி இருந்தால் மாதத்தில் பாதி நாள் சம்பளம் போகும். வாங்கத்தான் வேண்டும் என்று ஆன பிறகு, எதை வாங்குவது?

சாலை என்ன சொல்கிறது என்று கேட்போம். முதலில், இது சமதரைச் சாலை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போக 1.0 லிட்டர் என்ஜின் போதும். அண்டை வீட்டார் 1.5 வாங்கினார் என்பதற்காக நாமும் வாங்க வேண்டியதில்லை. அடுத்து, மண் மென்மையானது. பழக்குலை ஏற்றிய கனத்த லாரிகள் ஓடி ஓடிச் சாலை அலைபோல் எழும்பியும் தாழ்ந்தும் கிடக்கும். இங்கே ஸ்பிரிங்கும் டயரும் முக்கியம். மூன்றாவதாக அந்தக் கான். ஒரு மாடோ, நாயோ, விளக்கில்லாத சைக்கிளோ திடீரென்று குறுக்கே வந்தால் ஓட்டுகிறவர் வெடுக்கென்று திருப்புவார். திருப்பிய கார் திரும்ப நிமிராவிட்டால் நேரே தண்ணீருக்குள்தான்.

இந்த மூன்றாவது காரணத்துக்காகவே நான் ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். கம்பெனித் தாளில் அதை வி.எஸ்.சி. என்றோ, இ.எஸ்.சி. என்றோ போட்டிருப்பார்கள். நிலைகாப்புக் கருவி என்று நாம் சொல்லிக்கொள்வோம். ஸ்டியரிங்கை நீங்கள் எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள், கார் உண்மையில் எந்தப் பக்கம் வழுக்குகிறது என்பதை அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் வேறுபட்டால், நான்கு சக்கரங்களில் எதைப் பிடித்தால் கார் நேராகுமோ அதை மட்டும் தானாகவே பிரேக் பிடிக்கும். என்ஜின் வேகத்தையும் குறைக்கும். இவ்வளவும் நீங்கள் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் நடந்துவிடும். 2018 ஜூன் முதல் மலேசியாவில் அறிமுகமாகும் புதிய மாடல்களுக்கு இது கட்டாயம் என்று ஆனது. அதற்கு முன்பே அறிமுகமான மாடல்களில் விலை குறைந்த ரகத்துக்கு இது இல்லாமலும், விலை கூடிய ரகத்துக்கு இருந்தும் விற்றார்கள். ஆகவே "இந்தக் காரில் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "நான் பணம் கட்டப் போகும் இந்த ரகத்தில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் விலைத் தாளில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2025 மே 13 காலையில், தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாக் காவலை முடித்துக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசாரின் லாரி, சிக்குஸ் - சுங்கை லம்பாம் சாலையில் கல் ஏற்றிவந்த லாரியுடன் மோதியது. 9 காவலர்கள் மாண்டார்கள். நம் திருவிழாவில் நமக்குக் காவல் நின்றவர்கள் அவர்கள். அந்த மோதலில் எந்தக் கருவியும் யாரையும் காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், நாம் கார் ஓட்டுவது எப்படிப்பட்ட வாகனங்களுக்கு நடுவே என்பதை அது காட்டுகிறது.

இனி வண்டிகளுக்கு வருவோம். சந்தையில் பல நாட்டுக் கார்கள் இருந்தாலும், நம் சம்பளத்துக்கு எட்டுவதும் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்க முடிவதும் நான்குதான்: பெரோடுவாவின் அக்சியா, பெசா, மைவி, புரோட்டோனின் சாகா.

அக்சியா 2014 செப்டம்பரில் வந்தது. 2023 பிப்ரவரியில் முற்றிலும் புதிய உடலோடு மறுபடி வந்தது. 998 சிசி, மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 67 குதிரைத்திறன். அதே 2023-இல் கைக்கியருடன் இ என்ற எளிய ரகத்தை 22,000 வெள்ளிக்கு விட்டார்கள். இந்த விலையைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. "அலங்காரம் ஒன்றுமே இல்லையே" என்றார்கள். அலங்காரத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு நல்ல பேரம். அக்சியாவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பின்பக்கப் பெட்டி சிறிது. இரண்டு பெட்டி படுக்கையும் ஒரு பானையும் வைத்தால் மூட முடியாது. அலைபோன்ற சாலையில் உள்ளே இரைச்சல் கேட்கும். ஐந்து பெரியவர்கள் ஏறினால் தோளோடு தோள் இடிக்கும்.

பெசா 2016 ஜூலையில் வந்தது. 1.0, 1.3 என்று இரண்டு என்ஜின்கள். இதன் சிறப்பு முழுவதும் பின்னால் இருக்கிறது: 508 லிட்டர் கொள்ளும் பெட்டி. மைவியின் பெட்டி 277 லிட்டர்தான் என்றால் வேறுபாடு புரியும். மாரானுக்குப் பங்குனி உத்திரம் பார்க்கப் போகும் குடும்பம், அடுப்பு முதல் பாய் வரை ஏற்றிக்கொண்டு போகலாம். பெட்ரோலும் சிக்கனம். விற்கப் போனாலும் விலை அதிகம் இறங்காது. ஆனால், இதன் ஸ்டியரிங் மிகவும் இலகு. டவுனில் நிறுத்துவதற்குச் சுகமாக இருக்கும் அந்த இலகு, வேகமான சாலையில் கொஞ்சம் பயத்தைத் தரும். 2016-இல் ஆசியான் என்கேப் என்னும் மோதல் சோதனையில் நிலைகாப்புக் கருவி உள்ள பெசாவுக்கு 5 நட்சத்திரமும், இல்லாததற்கு 4 நட்சத்திரமும் கிடைத்தன. ஒரே பெயர், ஒரே முகம், இரண்டு மதிப்பெண். நான் மேலே விரல் வைத்துக் காட்டச் சொன்னது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா?

சாகாவைப் பற்றிப் பேசும்போது நம்மவர்களுக்குக் குரலே மாறிவிடும். முதல் சாகாவில் மணமகளை அழைத்துவந்த வீடுகள் எத்தனையோ. பழைய பாசத்தை ஒதுக்கிவிட்டு, 2016-இல் வந்து 2019-இலும் 2022-இலும் திருத்தம் பெற்ற 1.3 லிட்டர் சாகாவை மட்டும் எடைபோடுகிறேன். மேடுபள்ளத்தை விழுங்கிக்கொண்டு போவதில் நான்கில் இதுவே முதல். கையில் பிடித்தால் ஸ்டியரிங் உறுதியாக நிற்கும். முதுகுவலிக்காரர் வீட்டில் இருந்தால் பின் இருக்கையில் உட்கார வைத்துப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், அவரே தீர்ப்புச் சொல்லுவார். பெட்டி 420 லிட்டர். 2019-இல் கியர்ப்பெட்டியை மாற்றிய பிறகு முன்னிருந்த முனகல் பெரிதும் அடங்கியது. குறை என்று சொன்னால் பெட்ரோல்தான். சின்னப் பெசாவோடு ஓடினால் சாகாவுக்குத் தாகம் கூடுதல். 2016-இன் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம். நிலைகாப்புக் கருவி எல்லா ரகத்திலும் ஒரேபோல் வரவில்லை.

மைவியைப் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை. 2005-இல் வந்த நாள் முதல் நாட்டில் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒன்று நிற்கிறது. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறைக்கு எல்லா ரகத்திலும் நிலைகாப்புக் கருவியும் குறைந்தது நான்கு காற்றுப்பைகளும் கொடுத்தார்கள்; 5 நட்சத்திரமும் கிடைத்தது. பாதுகாப்புக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் அந்த நாளில் இதற்குத்தான் முதல் பரிசு. விலைதான் நம்மைத் தள்ளி நிற்கச் சொல்கிறது. 2023 வாக்கில் பெசாவும் சாகாவும் 35,000 வெள்ளியைச் சுற்றித் தொடங்கின. மைவியோ 45,000-க்கு மேலே தொடங்கி 60,000-ஐத் தொட்டது. வீட்டில் இரண்டு சம்பளம் நிலையாக வந்தால் மைவி. ஒரே சம்பளம் என்றால் அதன் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. நட்சத்திரம் எதுவானாலும், அது எந்த ஆண்டில் கொடுத்தது என்று பாருங்கள். சோதனை ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல.

நம் சாலைக்கே திரும்புவோம். தெலுக் இந்தானுக்கும் ஹுத்தான் மெலிந்தாங்குக்கும் இடையே 2019-இல் மேற்குக் கரை விரைவுச்சாலையின் ஒரு பகுதியைத் திறந்தார்கள். டோல் கட்டி அதில் ஏறிப் பாருங்கள். பழைய சாலையில் தெரியாத குணங்கள் அங்கே தெரியும். வெட்டவெளி, கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும். தொண்ணூறு, நூறு என்று போகும்போது இலகுவான அக்சியாவும் பெசாவும் லேசாக அசையும். சாகா அவ்வளவு அசையாது. கடைக்காரர் உங்களைச் சோதனைக்கு ஓட்டச் சொல்லும்போது டவுனுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கப் பார்ப்பார். "விரைவுச்சாலையில் ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். மனைவியையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொள்ளுங்கள். கார் வாங்குவது ஆண்பிள்ளை விஷயம் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். தவணை கட்டும் மாதங்களில் அரிசி டின்னைப் பார்த்துச் சமைப்பது யார்?

சமதரையில் 1.0 போதும் என்று சொன்னேன். மலைக்கு அந்தப் பேச்சு செல்லாது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையில், ஐந்து பேரும் குளிர்சாதனமுமாக 67 குதிரைத்திறன் மூச்சு வாங்கும். முன்னால் காய்கறி லாரி ஊர்ந்தால் முந்தவும் முடியாது, முந்தவும் கூடாது. மலையில் உறவினர் இருந்து மாதம் ஒருமுறை ஏறுகிறவர்களுக்கு 94 குதிரைத்திறன் தரும் 1.3 தேவைதான். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் போகிறவர், அந்த ஒரு நாளுக்காக 364 நாள் பெரிய என்ஜினுக்குத் தீனி போடுவானேன்?

தீனிக் கணக்கையும் போட்டுவிடலாம். நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 1,040 கிலோமீட்டர். சின்ன என்ஜின் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெரியது 13 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 61 லிட்டர், மற்றதற்கு 80 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு அறிவித்த லிட்டர் 1.99 வெள்ளி விலையில் பார்த்தால், வேறுபாடு மாதம் 37 வெள்ளி சொச்சம். சாலை வரியிலும் தீபகற்பத்தில் 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 வெள்ளி, 1.3 லிட்டர் கார்களுக்கு 70, 1.5 லிட்டர் என்றால் 90. எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு ஐந்நூறு வெள்ளி. ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப் பை எல்லாம் அதில் முடிந்துவிடும்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பலர் கடையில் போடுவதே இல்லை. "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார்கள். விற்பவர் ஒன்பது ஆண்டுத் தவணையைப் போட்டுச் சின்ன எண்ணாகக் காட்டுவார், நம்மவரும் தலையாட்டிவிடுவார்.

40,000 வெள்ளி கார். முன்பணம் 4,000 போக, கடன் 36,000. ஆரம்பக் கடன் முழுமைக்கும் ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி என்று, நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவந்த முறையில் கணக்கிடுவோம். 9 ஆண்டுக்கு வட்டி மட்டும் 9,720 வெள்ளி. மாதத் தவணை 423 வெள்ளி. இப்போது அந்த 22,000 வெள்ளி அக்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் 2,200 போக 19,800 கடன், அதே வட்டி, ஆனால் 5 ஆண்டு. வட்டி 2,970, மாதத் தவணை 379 வெள்ளி 50 காசு. பாருங்கள், மாதத்தில் 40 வெள்ளிக்கு மேல் குறைவாகக் கட்டி, நான்கு ஆண்டு முன்னதாகவே கடனிலிருந்து வெளியே வந்துவிடலாம். ஆறாம் ஆண்டிலிருந்து அந்த 379 வெள்ளி வீட்டுக்கு. உங்கள் வங்கி சொல்லும் வட்டி கூடலாம், குறையலாம். மொத்தம் எவ்வளவு கட்டப் போகிறீர்கள் என்ற ஒரே எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2025 பிப்ரவரி முதல் நாளில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆனது. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போனால் மிச்சம் 1,513. அதில் தவணை 423, பெட்ரோல் 159 என்றால், காப்புறுதியும் சர்வீஸும் டயரும் சேர்க்காமலே 582 வெள்ளி போய்விட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மழைக்காலத்தில் வேலை நாள் குறைந்தால் தவணை குறையுமா? குறையாது.

எனக்குத் தெரிந்த டிராக்டர் ஓட்டுநர் ஒருவர், மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் முன் நிறுத்தவென்று தம் சக்திக்கு மீறிய காரை எடுத்தார். விசேஷம் நன்றாக நடந்தது. மறு ஆண்டில் கால் முறிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தார். வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஏலத்தில் விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை. மீதியைக் கேட்டுக் கடிதம் வந்தது. அதைவிடக் கொடுமை, ஜாமீன் கையெழுத்துப் போட்ட மைத்துனருக்கும் கடிதம் வந்ததுதான். அந்த இரண்டு குடும்பத்தாரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

சட்டத்தில் நமக்குச் சில பிடிகள் உண்டு. 1967-ஆம் ஆண்டின் தவணைமுறை வாங்கல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறிய பிறகுதான் காரை எடுக்கும் நடவடிக்கையைத் தொடங்கலாம். அதற்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, 21 நாள் தவணை தர வேண்டும். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் நான்கு தவணைகள் தவற வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் கட்டி முடித்திருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது. எனவே கடிதம் வந்தால் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடாதீர்கள். அன்றைக்கே வங்கிக்குப் போய்த் தவணையைத் திருத்திக் கேளுங்கள். யாருக்காவது ஜாமீன் போடுவதாக இருந்தால், அந்தக் கார் உங்களுடையது என்றே எண்ணிப் பாருங்கள். தவணை முழுவதையும் உங்களால் கட்ட முடியும் என்றால் மட்டும் பேனாவை எடுங்கள்.

மின்சாரக் கார் பற்றிச் சில இளைஞர்கள் கேட்கிறார்கள். 2024 இறுதியில் புரோட்டோனும் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐக் கொண்டுவந்தது. ஓட்டச் சுகமானவை, பெட்ரோல் செலவு இல்லை. வீட்டு வாசலிலேயே மின்னேற்றம் செய்ய இடம் வேண்டுமே! லயத்து வீட்டில் பொதுக் கம்பியிலிருந்து வரும் மின்சாரத்தில் அது நடவாது. தாமானில் சொந்த வீடு உள்ளவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், மற்றவர்கள் பொறுத்திருக்கலாம்.

என் தேர்வு எது என்று கேட்பீர்கள். ஒரே சம்பளம், இரண்டு சிறு பிள்ளைகள், சமதரைச் சாலை என்றால் அக்சியா. தாத்தா, பாட்டியோடு ஐந்து பேர், அடிக்கடி வெளியூர், மூட்டை முடிச்சு என்றால் நிலைகாப்புக் கருவி உள்ள 1.3 பெசா. அதே குடும்பத்தில் ஈப்போவுக்கு அடிக்கடி மருத்துவத்துக்குப் போக வேண்டிய முதியவர் இருந்தால், போக வர இருநூறு கிலோமீட்டரை நினைத்து நான் சாகாவைச் சொல்லுவேன். அவர் முதுகு வாழ்த்தும். கடையில் நிற்கும் சாகாவின் என்ஜின் 1.5 என்று அட்டையில் இருந்தால், வரிக் கணக்கை 90 வெள்ளியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து இருக்கைக் காரில் எட்டுப் பேரை ஏற்றும் வழக்கம் மட்டும் எந்தக் காருக்கும் ஆகாது. பின் இருக்கைக்கும் பெல்ட் 2009 முதலே கட்டாயம்; சிறு பிள்ளைக்குத் தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். அந்தக் குழந்தை இருக்கையின் விலையை முன்பணத்தோடு சேர்த்து எடுத்து வையுங்கள். கடைக்காரர் இலவசமாகத் தருகிறேன் என்னும் கறுப்புக் கண்ணாடித் தாளுக்கும் பக்கவாட்டு ஒட்டுத்தாளுக்கும் பதிலாக அதைக் கேட்டுப் பாருங்கள். சிலர் கொடுக்கிறார்கள்.

கார் வந்துவிட்டது, எடுக்க வாருங்கள் என்று அழைப்பு வரும். பகல் வெளிச்சத்தில் போங்கள். மழையிலும் மாலையிலும் கீறல் தெரியாது. என்ஜின் எண்ணும் சட்ட எண்ணும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். உபரிச் சக்கரமும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று பின்பெட்டியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு சிறு வட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 1025 என்றால் 2025-ஆம் ஆண்டின் பத்தாவது வாரத்தில் செய்தது. நான்கு டயரிலும் குனிந்து படித்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.